இல்லத்து இசையும் நயமிலா முன்விரியலாக்கியும்

வீட்டிலிருந்தபடியே நல்லிசையைப் பழுதறக் கேட்டு மகிழும் விருப்பம் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. 1925ஆம் ஆண்டு கொழும்பிலே வானொலி ஒலிபரப்புத் தொடங்கியதும், 1939இல் திருச்சிராப்பள்ளி நிலையம் எழுந்ததும் நம் குடாநாட்டுத் திண்ணைகளுக்குக் கருநாடக இசையைக் கொண்டுவந்து சேர்த்தன. இசைத்தட்டும், பின்னர் ஒலிநாடாவும், 1982இல் குறுவட்டும் வந்தன. இன்று கடல்கடந்த நாடுகளில் வாழும் பழைய மாணவர் சிலர் விடுமுறைக்கு ஊர் வருங்கால் தம் பெற்றோர்க்கென இசைக்கருவித் தொகுதிகளைக் கொணர்கின்றனர். அவர்கள் நம்மிடம் வினவும் வினா ஒன்றுண்டு. 'பசிவ் பிரீஅம்பிளிபயர்' என விற்கப்படும் சிறு பெட்டியை வாங்கலாமா? வாங்கின் எத்தகையதை வாங்குவது? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலத்திரனியல் கற்றோர் பலர் இருக்கத் தமிழாசிரியர் இதனை எழுதப் புகுதல் என்னை என்று சிலர் நகைக்கக்கூடும். இப்பொருளிலுள்ள மயக்கத்திற் பாதி சொன்மயக்கமே என்பது நம் துணிபு. நம் நாட்டு அறிவியற் பாடநூல்கள் இத்துறைக்கு அழகிய சொற்களை ஆக்கி வைத்துள்ளன. சிறிய மின்குறியைப் பெரிதாக்குவது விரியலாக்கி. அதனுட் புகுவது பெய்ப்பு. அது தருவது பயப்பு. பயப்பு பெய்ப்பினும் எத்தனை மடங்கு என்பதே நயம். செய்யுளில் நயம் காணப் பயின்ற மாணவர் இச்சொல்லை இங்கும் காணும்போது வியப்புறுதல் இயல்பு. குறியின் ஓட்டத்துக்கு ஒரு கருவி காட்டும் எதிர்ப்பு தடங்கல் எனப்படும். இவ்வைந்து சொற்களையும் மனத்திற்கொண்டால் பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

இனி, 'பசிவ்' என்பது யாது? ஆங்கில இலக்கணத்தில் அச்சொல் செயப்பாட்டுவினையைக் குறிக்கும். மின்னியலில் அது, தனக்கென மின்வழங்கல் இன்றி, வந்த குறியைக் கூட்டாது கடத்தும் உறுப்பைக் குறிக்கும், உயிர்ப்பிலாதது எனலாம். ஆகவே நாம் பேசும் பெட்டி, முன்விரியலாக்கி என்று பெயர் பெற்றும் எதனையும் விரிப்பதில்லை; அதன் நயம் ஒன்றுக்கு மேற்படுவதில்லை. காரணப்பெயராகக் கொள்ளின் வழு, இடுகுறியாகக் கொள்ளின் வழாநிலை! அது செய்யும் தொழில் இரண்டே. பல கருவிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் ஒன்று. ஒலியின் அளவைக் குறைத்தல் மற்றொன்று.

குறைப்பதற்கு ஏன் ஒரு பெட்டி என்று கேட்போர்க்கு, முன்விரியலாக்கி தோன்றிய வரலாற்றைச் சிறிது கூறவேண்டும். இசைத்தட்டின் ஊசி தரும் பயப்பு மிகச் சிறிது. அசையும் காந்த வகை ஊசிகளில் அது ஏறத்தாழ 5 மில்லிஉவோற்று. அதனை நூறு மடங்கேனும் பெருக்காது வலு விரியலாக்கிக்கு அனுப்புதல் பயனற்றது. அன்றியும், தட்டை வெட்டும்போது தாழ்ந்த சுரங்களை ஒடுக்கியும் உயர்ந்தவற்றை மிகுத்தும் வெட்டுவர். கேட்கும்போது அதனை மறுதலையாக்கிச் சமன்செய்ய வேண்டும். அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலார் 1954இல் இதற்கு ஒரு பொதுவிதி வகுத்தனர். பீற்றர் பக்சந்தால் என்னும் ஆங்கிலப் பொறியியலார் 1952இல் வெளியிட்ட சுரக்கட்டுப்பாட்டுச் சுற்றும் முன்விரியலாக்கிகளிற் குடிபுகுந்தது. இத்தனை வேலைகளையும் செய்ததனால் அக்காலத்து முன்விரியலாக்கி இன்றியமையாததாயிற்று.

குறுவட்டு வந்தபின் நிலைமை மாறிற்று. குறுவட்டுக் கருவி தன் முழு ஒலியிலே 2 உவோற்றுத் தரும். இது போதுமா, மிகையா என்பதை ஓர் எளிய கணக்காற் காண்போம். வலு விரியலாக்கி ஒன்றின் நயம் 20 மடங்கு எனக் கொள்க. 26 தெசிபெல் என்பதும் அதுவே. 2 உவோற்றுப் பெய்யின் 40 உவோற்றுப் பயக்கும். 8 ஓம் ஒலிபெருக்கியில் அது 200 உவாற்று ஆகும். நம் வீட்டு அறையில் இருவர் பேசும் அளவுக்குச் சற்று மேலாக இசை கேட்க 1 உவாற்றுங்கூட மிகை. 1 உவாற்றுக்கு ஒலிபெருக்கியில் வேண்டுவது 2.83 உவோற்று, அதற்கு விரியலாக்கியிற் பெய்ய வேண்டுவது 0.14 உவோற்று. கிடைப்பதோ 2 உவோற்று. ஆகவே 23 தெசிபெல் குறைக்கவேண்டும். குறியை முதலிற் பெருக்கிப் பின்னர் குறைப்பது, கிணற்றிலிருந்து நாலு துலா நீர் இறைத்து மூன்றைத் தெருவில் ஊற்றுவதை ஒக்கும். பெருக்கும் ஒவ்வொரு சுற்றும் தன் இரைச்சலையும் திரிபையும் சிறிதேனும் சேர்த்தே தீரும். உயிர்ப்பிலாப் பெட்டியை விரும்புவோர் கூறும் நியாயம் இதுவே. அது நல்ல நியாயமும் ஆகும்.

ஆயின், நியாயம் நன்றென்பதனால் எல்லார் வீட்டுக்கும் அது பொருந்தும் என்பது பெறப்படாது. இங்கேதான் பலர் பணத்தை இழக்கின்றனர். பணத்தினும் பெரியதொன்றை இழக்கும் நிலையும் உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம்.

பெட்டியைத் திறந்து பார்ப்பின் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு மாறுந்தடையியே. கரிப்பூச்சு ஒன்றின்மீது ஒரு நாக்கு வழுக்கிச் செல்லும். நாக்கு நிற்கும் இடத்துக்கேற்பக் குறி பங்கிடப்படும். இதில் நோக்கவேண்டியன சில உள. முதலாவது, தடை மாறும் வகை. நம் செவி ஒலியைக் கூட்டலால் அறிவதில்லை, மடங்காலேயே அறிகின்றது. இலக்கணகாரர் ஒலியின் நீட்டத்தை மாத்திரையால் அளந்தனர். ஒலியின் மிகுதியை அளக்கப் பொறியியலார் மடக்கையைத் துணைக்கொண்டு தெசிபெல் என்னும் அளவை வகுத்தனர். ஒரே சீராக மாறும் தடையியைப் பூட்டினால், குமிழைப் பத்திலொரு பங்கு திருப்பியதும் ஒலி முழு அளவுக்கு 20 தெசிபெல் கீழ்வரை ஒரே பாய்ச்சலில் வந்துவிடும். எஞ்சிய ஒன்பது பங்கிலும் நுண்ணிய மாற்றமே நிகழும். ஆதலின் மடக்கை வகையே வேண்டும். யப்பானியத் தடையிகளில் 'ஏ' என்னும் ஆங்கில எழுத்து மடக்கை வகையையும், 'பி' சீர்வகையையும் குறிக்கும். பழைய ஐரோப்பியத் தடையிகளில் இக்குறி மாறியும் வரும். கடைக்காரரை நம்பாது அளந்து பார்த்தல் நன்று.

இரண்டாவது, இடப்புறமும் வலப்புறமும் ஒத்திருத்தல். ஒரே அச்சில் இரு தடையிகள் பூட்டப்பட்டிருக்கும். குமிழ் தாழ்ந்திருக்கும்போது மலிவானவற்றில் இரண்டுக்குமிடையே 2, 3 தெசிபெல் வேற்றுமை காணப்படுதல் உண்டு. இரவில் தாழ்த்திக் கேட்கும்போது நாதஸ்வரம் ஒருபுறமாக நகர்ந்துவிட்டது போலத் தோன்றுவதன் காரணம் அதுவே. யப்பானிய ஆல்ப்ஸ் நிறுவனத்தின் நீலநிற உறையுள்ள ஆர்.கே. 27 வகை இக்குறை மிகக் குறைந்ததென்று பெயர் பெற்றது, விலையும் அளவானது. இதனினும் திருத்தம் வேண்டுவோர் படிமுறைத் தெரிவியை நாடுவர். இருபத்துநான்கு நிலைகளில், நிலைக்கு நிலை 2 தெசிபெல்லாகத் தனித்தனித் தடையிகள் பூட்டப்பட்டிருக்கும். இருபுறமும் நன்கு ஒத்திருக்கும்; ஆனால் இரு படிகளுக்கு இடைப்பட்ட அளவு கிடையாது. 'இன்னும் சற்றுக் கூட்டு' என்று பெரியவர் சொல்லுமிடத்து, ஒரு படி கூட்டினால் மிகை, குறைத்தால் குறை என்னும் இடர்ப்பாட்டை நாம் கண்டிருக்கின்றோம்.

மூன்றாம் வகை நிலைமாற்றி. மின்சார சபையார் தெருவில் நாட்டியிருக்கும் நிலைமாற்றியை மாணவர் அறிவர். அதன் சிறிய உறவினன் இங்கே உவோற்றளவைப் படிபடியாகக் குறைக்கின்றான். தடையி, மிகுந்த குறியை வெப்பமாக்கி வீணாக்கும். நிலைமாற்றியோ உவோற்றளவைப் பத்திலொன்றாக்கும்போது மூலக் கருவியின் தடங்கலை நூறிலொன்றாக்கிக் காட்டும். 10 கிலோஓம் பெய்ப்புத் தடங்கலுடைய விரியலாக்கி, மூலக் கருவியின் கண்ணுக்கு 1,000 கிலோஓம் போலத் தோன்றும். பாடநூலிற் படித்த சுற்றுவிகிதத்தின் வர்க்கம் இங்கே உயிர்பெற்று நிற்பதை மாணவர் கண்டு மகிழலாம். குறைகளும் உள. விலை மிகுதி, அருகில் மின்வழங்கற் பெட்டி இருப்பின் அதன் முரல்வைப் பற்றிக்கொள்ளும், மூலக் கருவியின் தடங்கல் பெரிதாயின் தாழ்சுரங்கள் மெலியும். ஆசிரியச் சம்பளத்தில் வாழ்வோர் இதனைப் போற்றலாம், வாங்க வேண்டுவதில்லை.

நிற்க. பெட்டியின் தரத்தினும் முக்கியமானது அதற்கு முன்னும் பின்னும் நிற்பவற்றின் தடங்கலே. கொடுப்பவனுடைய தடங்கல் சிறிதாகவும் கொள்பவனுடைய தடங்கல் பெரிதாகவும் இருத்தல் வேண்டும். ஒன்றுக்குப் பத்து என்பது நடைமுறை விதி. உயிர்ப்புள்ள முன்விரியலாக்கி இடையில் நின்றால் இவ்விதியைத் தானே காத்துக்கொள்ளும். உயிர்ப்பிலாப் பெட்டிக்கு அவ்வாற்றல் இல்லை. மூலக் கருவிக்கு அது கொள்பவன். விரியலாக்கிக்கு அதுவே கொடுப்பவன். இருபக்கமும் நல்லவனாக நடக்கவேண்டிய மாப்பிள்ளையின் நிலை அதற்கு.

தடையியின் மதிப்பை 10 கிலோஓம் எனச் சிறிதாக வைத்தால் என்ன நேரும்? இன்றைய குறுவட்டுக் கருவிகளுட் பலவற்றின் பயப்புத் தடங்கல் சில நூறு ஓம். அவற்றுக்கு யாதொரு தீங்குமில்லை. ஆனால் வாயில் வால்வு பொருத்திய கருவிகளுட் சிலவற்றின் தடங்கல் 5 கிலோஓம் வரை இருக்கும். அவை 10 கிலோஓமைச் சுமந்தால் ஒலியில் மூன்றரைத் தெசிபெல் குறையும். அக்குறையைக் குமிழால் ஈடுசெய்யலாம். ஈடுசெய்ய இயலாதது வேறொன்று. அத்தகைய கருவிகளின் வாயிலில் நேரோட்டத்தைத் தடுக்க ஒரு கொள்ளளவி நிற்கும். அது 0.47 மைக்கிரோபரட்டாயின், 10 கிலோஓமுடன் சேர்ந்து விநாடிக்கு 34 அதிர்வுக்குக் கீழ்ப்பட்டவற்றை அறுக்கத் தொடங்கும். 100 கிலோஓமாயின் அவ்வெல்லை 3.4 அதிர்வு. தவிலின் தொப்பிப் பக்கத்தைப் பூவரசங் கழியால் அடிக்கும்போது நெஞ்சில் வந்து முட்டும் ஒன்று உண்டல்லவா? அதன் அடித்தளம் இவ்விடத்தே கழன்றுபோகும்.

அவ்வாறாயின் 100 கிலோஓம் தடையியை வாங்கிவிடலாமே எனின், மறுபக்கம் இடிக்கின்றது. மாறுந்தடையியின் பயப்புத் தடங்கல் நாக்கு நிற்கும் இடத்துக்கேற்ப மாறும். குறியைச் சரிபாதியாக்கும் நிலையில், அதாவது 6 தெசிபெல் குறைத்து நிற்கும்போது, அது உச்சத்தை அடையும். தடையியின் மதிப்பில் நாலிலொரு பங்கு. 100 கிலோஓமுக்கு 25 கிலோஓம்; 10 கிலோஓமுக்கு இரண்டரை. (இது குமிழின் நடுநிலை அன்று, மடக்கை வகையில் நடுநிலைக்கு அப்பாலே இது வரும்.) இனி, பெட்டியிலிருந்து விரியலாக்கிக்குச் செல்லும் கவச வடத்துக்கும் ஒரு கொள்ளளவம் உண்டு, நல்ல வடத்தில் மீற்றருக்கு 100 பிக்கோபரட்டு எனக் கொள்ளலாம். நம் செம்மண் தோட்டத்து வாய்க்கால் நீளநீளச் சிறு நீர் மண்ணிலே சுவறிப்போவது போல, நீண்ட வடத்தில் விரைந்து அதிரும் நுண்சுரங்கள் சுவறும். எல்லையைக் காணக் கணக்கு இது: தடங்கலையும் கொள்ளளவத்தையும் பெருக்கி, அதனை 6.28ஆற் பெருக்கி, ஒன்றை அத்தொகையால் வகுக்கவேண்டும். 3 மீற்றர் வடத்துக்கு 300 பிக்கோபரட்டு. 25 கிலோஓமுடன் எல்லை விநாடிக்கு ஏறத்தாழ 21,000 அதிர்வு. இரண்டரைக் கிலோஓமுடன் 2,12,000 அதிர்வு. எல்லையில் 3 தெசிபெல் குறைந்திருக்கும். அதற்கு முன்னரே இறக்கம் தொடங்கிவிடும்.

'நாற்பது வயதைக் கடந்தோர்க்கு 20,000 அதிர்வு கேட்பதுமில்லையே, பின் ஏன் இக்கவலை?' என்று நண்பர் ஒருவர் வினாவினார். நல்ல வினா. குறுவட்டைக் கேட்கும்போது இது பெரும்பாலும் கவலைக்குரியதன்று. நாம் முன்பு கண்டபடி 23 தெசிபெல் குறைத்தே கேட்கின்றோம்; அந்நிலையில் 100 கிலோஓம் தடையியின் தடங்கலும் ஆறரைக் கிலோஓமளவுக்கு இறங்கிவிடும். ஒலிநாடாவைக் கேட்கும்போதே நிலைமை வேறாகின்றது. இங்கு சற்று நின்று பேசவேண்டும்.

நம் ஊர்ப்புறத்து வீடுகள் சிலவற்றில் 1970களிலும் 1980களிலும் கோயில் திருவிழாக்களிற் பதிந்த ஒலிநாடாக்கள் இன்றும் உள்ளன. இணுவிலிலே 1933இற் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்து 1975இல் மறைந்த தவில்மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பையும், அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் நேரிற் கேட்ட தலைமுறை முதுமை எய்திவிட்டது. பெயர் பெற்றோரின் வாசிப்பு எங்கேனும் எஞ்சும். பெயர் பெறாத எத்தனையோ மேளகாரரின் ஒரு மாலைக் கச்சேரி, ஒரு வீட்டு அலுமாரியிலுள்ள ஒரே ஒரு நாடாவில் மட்டுமே எஞ்சியிருக்கும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது உடுபுடைவையோடு சேர்த்துக் காவிச் செல்லப்பட்ட நாடாக்களும் அவற்றுள் உள. மின்சாரம் அற்றுக் கிடந்த 1990களில், மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்துத் தைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட தலைமுறை நம்முடையது. அக்காலத்தில் ஒலியின் நயம் பேசியவர் எவருமில்லை. ஒலி வந்ததே பெரிதாயிருந்தது.

இத்தகைய நாடாக்களை வைத்திருந்த அன்பர் ஒருவருக்கு, வெளிநாட்டிலுள்ள மகன் வால்வு வலு விரியலாக்கி ஒன்றையும், விலையுயர்ந்த உயிர்ப்பிலாப் பெட்டி ஒன்றையும் அனுப்பிவைத்தார். பெட்டியில் 100 கிலோஓம் தடையி. விரியலாக்கியின் பெய்ப்புத் தடங்கலும் 100 கிலோஓம். விரியலாக்கி சூடாகும் என்று அஞ்சி அதனை விறாந்தையோரத்தில் வைத்து, 8 மீற்றர் மலிவு வடத்தால் இணைத்திருந்தனர். அவ்வடத்துக்கு மீற்றருக்கு 150 பிக்கோபரட்டு, மொத்தம் 1,200. ஒலிநாடாக் கருவியின் பயப்பு அரை உவோற்று. திருவிழாவிலே தொலைவிலிருந்து பதிந்தவையாதலால் அதுவும் முழுமையாக இல்லை. எனவே குமிழ் எப்பொழுதும் அந்தத் தீய நிலையிலேயே, 6 தெசிபெல்லை அண்டியே நின்றது. தாளத்தின் கிண்ணொலி மங்கிற்று. தவிலின் வலந்தலையில் விரற்கூடுகள் தெறிக்கும் கூர்மை மழுங்கிற்று. 'நாடா செத்துவிட்டது' என்று வீட்டார் முடிவு கட்டினர். குப்பைக் கிடங்குக்கு அனுப்பவும் எடுத்து வைத்திருந்தனர்.

நாம் சென்று கணக்குப் பார்த்தபோது, விநாடிக்கு 10,000 அதிர்வில் 5 தெசிபெல்லுக்கு மேல் குறைவு இருத்தல் தெரிந்தது. நாடாவிற் குறையில்லை. அப்பெட்டியும் தன்னளவில் நல்ல பெட்டியே, சேர்க்கையே தவறு. தடையியை 10 கிலோஓமாக மாற்றியவுடன், வடம் அப்படியே இருக்க, அக்குறைவு ஒரு தெசிபெல்லின் ஆறிலொரு பங்காயிற்று. பின்னர் விரியலாக்கியையும் பெட்டிக்கு அருகே கொணர்ந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியை நீட்டிவிட்டனர். அக்கம்பி நீளுதலால் இத்தகைய கேடில்லை. முதியவர் மூன்று நாள் தொடர்ந்து கேட்டார் என்று பின்னர் அறிந்தோம்.

இதனால் யாம் துணிவது: குறுவட்டும் கணினி வழி வரும் இசையுமே கேட்போர்க்கு உயிர்ப்பிலாப் பெட்டி தக்கது. 10 அல்லது 20 கிலோஓம் மடக்கைத் தடையி, ஒரு மீற்றர் வடம், 47 கிலோஓமுக்குக் குறையாத பெய்ப்புத் தடங்கலுள்ள விரியலாக்கி ஆகியன அமைந்தாற் போதும். இன்னொன்றும் சொல்லவேண்டும். இன்றைய எண்முறைக் கருவிகளுட் பல, ஒலியளவை 24 இலக்க நுட்பத்தில் தாமே குறைத்துத் தருகின்றன. அத்தகைய ஒரே கருவியை மட்டும் வைத்திருப்போர்க்கு இப்பெட்டியே வேண்டுவதில்லை. விற்பவர் இதனைச் சொல்லமாட்டார்.

ஒலிநாடாவையே முதன்மையாகக் கேட்போர்க்கு இது தக்கதன்று என்பது நம் கருத்து. நயம் சிறிது தேவைப்படும் இடமது. உயிர்ப்புள்ள எளிய முன்விரியலாக்கி ஒன்று அங்கே விலைபெறும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. நெல்சன் பாஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் 2008இல் வெளியிட்ட பி-1 என்னும் சுற்று, நயத்தை ஒன்றாகவே வைத்துத் தடங்கலை மட்டும் தாழ்த்தித் தரும் தாங்கற் சுற்றாகும். அதற்கு மின்வழங்கல் வேண்டும். ஆயின் 'இருபக்க மாப்பிள்ளை'யின் தொல்லை அதனால் தீர்கின்றது. இசைத்தட்டு வைத்திருப்போர்க்கு ஊசிக்கெனத் தனி விரியலாக்கி எவ்வாறாயினும் வேண்டும்; அதனை வாங்கிய பின்னரே உயிர்ப்பிலாப் பெட்டியைப்பற்றி எண்ணலாம்.

நம் ஊர்க் காற்றையும் கருதவேண்டும். மாதகற் கடல் பண்டத்தரிப்புக்குத் தொலைவிலில்லை. உப்புக்காற்று, திறந்த தொடுகைகளையுடைய படிமுறைத் தெரிவிகளை விரைவிற் கறுக்கச் செய்யும். மாதம் ஒருமுறை குமிழை இருமருங்கும் முழுமையாகப் பலகாற் சுழற்றினால் தொடுகைகள் தாமே துலங்கும். மூடிய உறையுள்ள மாறுந்தடையிக்கு இத்தொல்லை குறைவு. மாரி இடிமின்னலுக்கு அஞ்சி ஒவ்வொரு செருகியையும் கழற்றி வைக்கும் வீடுகளில், செருகியே இல்லாத ஒரு பெட்டி இருப்பது ஆறுதலே. மின்தடையின்போது மின்கலத்திலிருந்து 230 உவோற்றை ஆக்கித் தரும் கருவிகளுட் சில எழுப்பும் முரல்வும், மின்வழங்கலில்லாத பெட்டியினுள் வழங்கல் வழியாகப் புக இடமில்லை.

உயர்தர வகுப்பில் பௌதிகம் பயிலும் மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். 10 கிலோஓம் இரட்டை மடக்கைத் தடையி ஒன்று, ஒலிக்குரிய குழித்தாங்கிகள் நான்கு, கவசக் கம்பி சிறிது, உலோகப் பெட்டி ஒன்று, இவையே வேண்டுவன. ஒவ்வொரு புறத்திலும் பெய்ப்பைத் தடையியின் மேல்நுனிக்கும், பயப்பை நடு நாக்குக்கும், கவசத்தைக் கீழ்நுனிக்கும் பற்றாசு செய்க. உலோகப் பெட்டியைக் கவசத்தோடு ஓரிடத்தில் மட்டும் தொடுக்கவேண்டும். மறந்தால், கைபட்டவுடன் முரலும். தடையி வாங்குமுன் கொள்கையைச் சோதிக்க விரும்புவோர் 9 கிலோஓமையும் 1 கிலோஓமையும் தொடராக இணைத்து, சிறியதன் குறுக்கே பயப்பை எடுத்தால், சரியாக 20 தெசிபெல் குறையக் காண்பர்.

வாங்குமுன் ஒப்பிட்டுக் கேட்போர் கவனிக்க வேண்டியதொன்று உண்டு. இரு கருவிகளுள் ஒலி சிறிது மிகுந்திருப்பதே நல்லது போலச் செவிக்குத் தோன்றும். கடைகளில் இது தெரிந்தும் தெரியாமலும் நடக்கின்றது. ஆதலின் ஒரே சுரத்தை ஒலிக்கவிட்டு, ஒலிபெருக்கி முனைகளில் மானியால் உவோற்றளவை அளந்து, இரண்டையும் ஒப்பச் செய்த பின்னரே இசையைக் கேட்டல் வேண்டும். எது எதுவென்று தெரியாதபடி வேறொருவர் மாற்றித் தருதல் நன்று. கேட்பதற்கு, நேரிற் பலகாற் கேட்டுப் பழகிய ஒலியைத் தெரிக. நம்மவர்க்குத் தவிலும் தாளமும் போதும்; தாழ்வின் எல்லையும் உயர்வின் எல்லையும் அவற்றுள் உள.

கடைக்குச் செல்லுமுன் ஒரு துண்டுத்தாளில் மூன்று எண்களை எழுதிக்கொண்டு செல்க: மூலக் கருவியின் பயப்புத் தடங்கல், விரியலாக்கியின் பெய்ப்புத் தடங்கல், அதனை முழு வலுவுக்குக் கொண்டுவரும் பெய்ப்பு உவோற்று. கருவியோடு வரும் கைந்நூலின் கடைசிப் பக்கத்தில் இவை பெரும்பாலும் இருக்கும். மூன்றாம் எண், மூலக் கருவி தரும் உவோற்றினும் பெரிதாயின் உயிர்ப்பிலாப் பெட்டியை நாடவேண்டாம். வீட்டிற் பூட்டியபின், விரியலாக்கியை முடுக்குமுன் குமிழைக் கீழ்நுனிக்குக் கொண்டுவர மறவற்க. இப்பெட்டியிற் பெரும்பாலானவற்றுக்கு நேரோட்டத்தைத் தடுக்கும் கொள்ளளவி இல்லை. மூலக் கருவி பழுதுற்று நேரோட்டம் கசியின், அது தடையின்றி விரியலாக்கி வரை செல்லும். பழைய கருவிகளை இணைப்போர் முதலில் அதன் பயப்பு முனையில் மானியை வைத்துப் பார்த்துவிட்டுப் பின் இணைத்தல் வேண்டும்.